மூட்டைக்கும் நாடி இருந்தது

அக்டோபர் 21

இடத்தின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, வாயில் நுழையாத பெயர். மேலே முகட்டில் சண்டை நடக்கிறது. நாங்கள் அதற்குச் சற்றுக் கீழே, பாதை திரும்புகிற இடத்தில் கூடாரம் போட்டிருக்கிறோம். மேலே அடிபட்டவர்களை இறக்கிக்கொண்டு வந்தால் முதலில் என்னிடம்தான் வர வேண்டும். டாக்டர் இருப்பது மலையடிவாரத்தில். பனி விழுந்துவிட்டால் அவரால் வர முடியாது. ஆகவே இந்தக் கம்பெனிக்கு டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ், பெருக்கித் துடைக்கிறவன் எல்லாம் நான்தான். நர்சிங் அசிஸ்டென்ட் தசரதன். சொந்த ஊர் படவேட்டுக்குப் பக்கம்.

இந்த நோட்டு என் மனைவி அமுலு கொடுத்தனுப்பியது. "தெனம் எய்துங்க. லீவுல வரசொல்ல நான் படிக்கணும்" என்றாள். அவளுக்கு இது நிறைமாதம். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் திறக்கிறேன்.

காலையில் கால் பரிசோதனை. எல்லோரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார வேண்டும், விரல் கறுத்திருக்கிறதா என்று நான் ஒவ்வொரு காலாகப் பார்க்க வேண்டும். பனியில் விரல் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த நாற்றத்துக்கு மேலேயே போய்ச் சண்டை போடலாம்.

அக்டோபர் 24

இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். காரணம் சூசையண்ணன். ஹவில்தார் மரியசூசை, குளச்சல்காரர், கம்பெனியிலேயே பெரிய உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எலிக்குப் பயப்படுவார்.

கூடாரத்துக்கு வந்து, "மக்கா, நாடி எப்பிடிப் பாக்கது, எனக்கும் சொல்லித்தா" என்றார். கையை நீட்டினேன். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்னடே, உனக்கு இந்த ஓட்டம் ஓடுகு!" என்றார். அது என்னுடையது இல்லை, உங்களுடையது என்றேன். கட்டைவிரலுக்குள்ளே பெரிய ரத்தக்குழாய் ஒன்று போகிறது. கட்டைவிரலை வைத்தால் நம் நாடியே நமக்குத் தட்டும். அதனால்தான் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டை மட்டும் வைக்க வேண்டும். பயிற்சியில் கட்டைவிரலை வைத்தவனை எங்கள் உஸ்தாத் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். நானும் ஓடியிருக்கிறேன்.

அண்ணன் நம்பவில்லை. நேரே சமையல் கூடாரத்துக்குப் போய் கோதுமை மூட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். பிறகு, "லேய்! மூட்டைக்கு நாடி இருக்குடே! ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு வாங்கடே!" என்று கத்தினார். தமிழ் தெரியாதவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி போடும்போது சமையல்காரர், "பேஷண்ட் நிலைமை எப்படி?" என்று இந்தியில் கேட்டார்.

அக்டோபர் 29

கீழ்க் கிராமத்திலிருந்து மூன்று பேரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். எதிரிக்கு முகட்டுப் பாதையைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று தகவல். கோவேறு கழுதைகளைக் கட்டுகிற கல் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். உளவுப் பிரிவிலிருந்து ஒரு கேப்டன் வந்திருக்கிறார். சின்ன வயது, நன்றாக ஷேவ் செய்த முகம், பேச்சு மெதுவாகத்தான் பேசுகிறார்.

அந்தப் பாதையில் போன வாரம் நம் ஆட்கள் நான்கு பேர் செத்தார்கள். இருவர் என் கூடாரத்தில்தான் போனார்கள். அதனால் இந்த மூவரைப் பார்த்து எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

நவம்பர் 1

சாக்ஸ் துவைத்தேன். காயவில்லை, உறைந்துவிட்டது. மூவரில் இருவரைக் கீழே அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் கொட்டகையில்.

நவம்பர் 3

கேப்டன் கூப்பிட்டார் என்று கொட்டகைக்குப் போனேன். வேலை சின்ன வேலைதான். "இவனுக்கு நாடி பார். இன்னும் தாங்குவானா, மாட்டானா, அது மட்டும் சொல்" என்றார்.

அந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். கோவேறு கழுதை ஓட்டுகிறவராம். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். சூசையண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். கம்பெனியில் பெரிய உடம்பு என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என்னை அவர் பார்க்கவில்லை. கட்டை அவிழ்க்கச் சொல்லி, நாடி பார்த்தேன். வேகமாக ஓடியது, ஆனாலும் ஒழுங்காக ஓடியது. "தாங்குவார்" என்றேன்.

அடிப்பது என் வேலை இல்லை. தாங்குவாரா என்று பார்ப்பதுதான் என் வேலை. பார்க்க ஒரு ஆள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகப் போகும். அந்த விதத்தில் நான் இருப்பது நல்லதுதான்.

ராத்திரி பருப்பு. உப்பு அதிகம்.

நவம்பர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாட்டிலைட் போனில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் வீட்டோடு பேசலாம். முறை தவறினால் அடுத்த ஞாயிறுதான். பக்கத்து வீட்டு டீச்சரின் போனில் அமுலு காத்திருப்பாள். இன்றைக்குப் பேசினேன். "இன்னாங்க, சாப்ட்டீங்களா? குளுருதா?" என்று கேட்டதையே கேட்டாள். கால் வீங்கியிருக்கிறதாம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். இங்கே என்ன வேலை என்றாள். கால் பார்க்கிற வேலை என்றேன்.

நவம்பர் 8

ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன். நாடியை ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்பது விதி. நான் அதை இழுக்கிறேன். ஒரு தடவை எண்ணிவிட்டு, சந்தேகம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி எண்ணுகிறேன். பிறகு கண் இமையைத் தூக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் கொடுக்கச் சொல்கிறேன். நான் கையைப் பிடித்திருக்கிற வரைக்கும் அடி கிடையாது. அவருக்கும் அது புரிந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் உள்ளே நுழைந்ததும் கேட்காமலே மணிக்கட்டைத் திருப்பி நீட்டிவிடுகிறார். "டாக்டர் சாப்" என்கிறார். நான் டாக்டர் இல்லை என்று ஒரு நாள் சொல்ல வேண்டும்.

கேப்டனுக்கு இது தெரியுமோ என்னவோ. "உன்னைப் போல நிதானமான ஆள்தான் வேண்டும்" என்று முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சூசையண்ணன் ஜோக் அடிப்பதை விட்டுவிட்டார். சமையல்காரர் மூட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். அண்ணன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 10

கொட்டகை ஆளின் பெயரைச் சூசையண்ணனிடம் கேட்டேன். "பேரு கேக்காத மக்கா. பேரு தெரிஞ்சா கை எழும்பாது" என்றார். பிறகு, "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுடே. தெரிஞ்சிருந்தா ரெண்டாம் நாளே சொல்லியிருப்பான். இது கேப்டனுக்கும் தெரியும்னு நினைக்கேன்" என்றார்.

அப்படியானால் எதற்கு அண்ணே என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்தோம்.

நவம்பர் 12, ஞாயிறு

லைன் கிடைக்கவில்லை. பனி. அமுலுவுக்கு எந்த நாளும் வலி எடுக்கலாம். நான் இங்கே உட்கார்ந்து அடுத்தவன் சாக்ஸை முகர்ந்துகொண்டிருக்கிறேன்.

நவம்பர் 16

புத்தி எங்கே போயிற்றோ, புகாரி அடுப்பின் குழாயை வெறும் கையால் பிடித்துவிட்டேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொப்பளித்துவிட்டன. நானே மருந்து போட்டு, நானே கட்டுக் கட்டிக்கொண்டேன். கம்பெனி முழுக்கச் சிரிக்கிறது.

நவம்பர் 19, ஞாயிறு

பெண் குழந்தை! வெள்ளிக்கிழமை காலையிலேயே பிறந்துவிட்டதாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

லைன் கிடைத்ததும் அமுலு குரல்தான். "பொண்ணு பொறந்துக்குதுங்க. ரெண்டே முக்கா கிலோ. மூக்கு மட்டும் உங்களோடது, பாவம்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், அவளுக்குத் தெரியாமல். போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதற்குள் முறை முடிந்துவிட்டது. என் முறை வரிசையில் முதலாவது. கொஞ்சம் தாமதித்திருந்தால்கூட அடுத்தவனுக்குப் போயிருக்கும்.

எல்லோருக்கும் வெல்லமும் அக்ரூட்டும் கொடுத்தேன். சமையல்காரர் ரவையில் ஏதோ இனிப்புக் கிளறினார். சூசையண்ணன் மட்டும் சாப்பிடவில்லை.

போனுக்கு ஓடும்போது கொட்டகையில் கூப்பிட்டார்கள். பார்த்தேன். நாடி இருந்தது.

நவம்பர் 20

கொட்டகை ஆள் செத்துப்போனார். காலையில் கால் பரிசோதனை நடக்கும்போது வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். விறைத்துக் கிடந்தார். குளிர் என்கிறார் கேப்டன். குளிர் இங்கே எல்லோருக்கும்தான்.

சூசையண்ணன் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தார். "நீ பாத்தப்ப இருந்துல்லா மக்கா?" என்றார்.

"இருந்ததுண்ணே" என்றேன்.

நவம்பர் 22

உடலை எடுத்துப்போக அவருடைய தம்பி ஒரு கோவேறு கழுதையோடு வந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. உடலைக் கம்பளியில் சுற்றிக் கழுதையின் மேல் ஏற்றிக் கட்டினார். முடிச்சுகளை நிதானமாகப் போட்டார். கழுதை பனியில் வழுக்கிக் கயிறு தளர்ந்தபோது நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவர் நன்றி சொன்னார்.

சுபேதாரிடம் பெயரைக் கேட்டேன். ஜும்மா. எழுதி வைக்கிறேன். ஜும்மா.

நவம்பர் 24

தூக்கம் வரவில்லை. மாத்திரை என் கையிலேயே இருக்கிறது, இருந்தும் போட்டுக்கொள்ள மனசில்லை. பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. விரல் கொப்பளம் உடைந்துவிட்டது.

நவம்பர் 26, ஞாயிறு

சூசையண்ணனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. "எனக்க கைதான்டே, நான் சொன்னா கேக்கமாட்டங்கு" என்றார். வீக்கம் இல்லை. எலும்பு சரியாக இருக்கிறது. ஊசியால் குத்தினால் வலி தெரிகிறது. நான் பிடித்துத் தூக்கினால் மேலே போகிறது. விட்டதும் விழுந்துவிடுகிறது. இடது கையால் சாப்பிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிருக்கும் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர் கூடி ஜெபம் செய்வார்கள். அண்ணன்தான் பாட்டுப் பாடுவார். இன்றைக்குப் பாடவில்லை. முடிவில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். இடது கையால் போடலாமே அண்ணே என்று பிறகு சொன்னேன். "போட்டுப் பாத்தேன்டே. அதுக்கும் மனசு வரல" என்றார்.

அமுலுவிடம் பேசினேன். முப்பதாம் நாள் பெயர் வைக்கிறார்களாம், நான் இருந்தே தீர வேண்டுமாம். "உங்க லீவு இன்னாச்சு?" என்றாள். சாயங்காலமே அதற்குப் பதில் கிடைத்தது.

கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செத்த ஆளின் கிராமத்தார் புகார் கொடுத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் டிசம்பர் 2ஆம் தேதி விசாரணை. அவர் சொன்னது இதுதான்: போன ஞாயிறு மத்தியானம் மருத்துவ ஆள் பார்த்தான், நாடி நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு அவனை யாரும் தொடவில்லை, ராத்திரிக் குளிரில் போய்விட்டான். "நாடி இருந்தது என்பது உண்மைதானே? நீ பொய் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். விசாரணை முடிந்த கையோடு அங்கிருந்தே லீவில் கிளம்பு. குழந்தையைப் போய்ப் பார்" என்றார். கை குலுக்கினார். புண் இருக்கிறது என்று பார்த்து இடது கையைக் குலுக்கினார்.

உண்மைதான். நாடி தட்டியது. பொய் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 29

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அண்ணனின் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்ப்பதால் பயன் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"மக்கா, அன்னைக்கு நான் நிப்பாட்டிட்டேன் கேட்டியா. தலை தொங்கிப்போச்சு அவனுக்கு. போதும் சாப்னு சொன்னேன். கேப்டன் கேக்கல. சரி, தசரதனக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன். நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நினைச்சேன்டே. நீ எப்பவும் இழுத்து இழுத்துப் பாப்பியே, அவனுக்குக் கொஞ்ச நேரம் மூச்சு விடக் கெடைக்கும்னு நினைச்சேன். நீ வந்த, பிடிச்ச, இருக்குன்ன, ஓடிட்ட."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"கேப்டன் சொன்னாரு, பாத்தியா, நடிக்கான், போடு அப்படின்னு. நான் போட்டேன். நீ இருக்குன்னு சொல்லிட்டல்லா, அந்தத் தைரியத்துல போட்டேன். அவன் கத்தவே இல்லடே. ஒரு சத்தம்கூட வரல. எனக்கு அப்பவே கை செத்துப்போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "விசாரணைல நான் சொல்லிருவேன். அதுக்குப் பொறவும் அடிச்சேன், எனக்க கையிலதான் போனான்னு சொல்லிருவேன். நீ பயப்படாத. நீ பாத்தப்ப உசுரு இருந்துச்சு. உனக்குப் புள்ள பொறந்திருக்கு. உனக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நவம்பர் 30

அமுலு, இந்தப் பக்கத்தை நீ படிக்க வேண்டும். படிக்காதே என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேச ஓடிக்கொண்டிருந்தேன். வரிசையில் முதல் முறை எனக்கு. வழியில் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த நேரத்தில்தானா கூப்பிட வேண்டும் என்று எரிச்சல் வந்தது. ஜும்மா மேல் எரிச்சல் வந்தது, அடிக்கிறவர்கள் மேல் இல்லை. உள்ளே போனேன். எப்போதும் கையை நீட்டுகிறவர் அன்றைக்கு நீட்டவில்லை. நான்தான் கையை இழுத்துப் பிடித்தேன்.

வலது கையில் இரண்டு விரலிலும் கட்டுப் போட்டிருந்தது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. இடது கையில் உறை மாட்டியிருந்தேன். அதைக் கழற்ற வேண்டும், கழற்றினால் நேரமாகும். கழற்றவில்லை. வலது கட்டைவிரலை வைத்தேன். நன்றாகத் தட்டியது. ஓடிவந்த ஓட்டத்தில் வேகமாகத் தட்டியது. "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மைதானத்தைச் சுற்றி ஓடினவன் நான். சூசையண்ணனுக்கே பாடம் நடத்தினவன் நான்.

அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தாரா, இல்லையா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. இருந்திருந்தால், விரலை ஒழுங்காக வைத்திருந்தால், பலவீனமாக ஓடுகிறது, நிறுத்துங்கள் என்று சொல்லியிருப்பேன். அவர் பிழைத்திருக்கலாம். இல்லாவிட்டால், செத்தவரைச் சூசையண்ணன் அடித்திருக்கிறார், நான் சொன்னதை நம்பி. இரண்டில் எது என்று யோசித்து யோசித்து மண்டை வெடிக்கிறது.

அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன். பாப்பா மூச்சு விட்டதைக் கேட்டேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

டிசம்பர் 1

அடிவாரத்துக்கு இறங்கி வந்தோம். அண்ணன், நான், கேப்டன். ஒரே வண்டி. கேப்டன் பிஸ்கட் கொடுத்தார். என் பையில் குழந்தைக்கு வாங்கிய கம்பளிக் குல்லா இருக்கிறது. லீவுக்கு எல்லாம் தயார்.

டிசம்பர் 2

ஒரு பள்ளிக்கூட அறையில் விசாரணை. கர்னல் ஒருவர், மேஜர் இருவர். மேஜர்களில் ஒருவர் டாக்டர், நரைத்த தலை. முதலில் அண்ணனைக் கூப்பிட்டார்கள். வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் கழுவினதுபோல இருந்தது. என்னைப் பார்த்து, சொல்லிட்டேன் என்பதுபோலத் தலையை அசைத்தார். கேப்டன் வராந்தாவில் எழுந்து நின்றார். சிகரெட்டைப் பற்றவைக்க முயன்றார். மூன்று தீக்குச்சி வீணாயிற்று. இவருக்கும் ராத்திரி தூக்கம் இருக்காது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இருந்தாலும் என்னிடம், "ஹவில்தாருக்கு மூளை குழம்பிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். நீ சொல்வதுதான் நிற்கும். நினைவிருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

உள்ளே போனேன். பெயர், எண், பணி எல்லாம் கேட்டார்கள். பிறகு கர்னல், "நீ பார்த்தபோது நாடி இருந்ததா?" என்றார்.

"இருந்தது, சாப்."

"வேகமாகவா, மெதுவாகவா?"

"வேகமாக."

"சந்தேகம் ஏதும்?"

"இல்லை, சாப். நன்றாகத் தட்டியது."

"சரி. போகலாம்."

அவ்வளவுதான். கதவு மூன்றடி தூரத்தில். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சல்யூட் அடித்தேன், திரும்பினேன். வெளியே சூசையண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தொங்கும் கையை மற்றக் கையால் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தன்னால்தான் செத்தார் என்று உயிர் உள்ளவரைக்கும் அந்தக் கையைத் தூக்காமலே இருந்துவிடுவார் இந்த மனிதர்.

திரும்பி வந்தேன். "சாப், எந்த விரலால் பார்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை" என்றேன்.

கர்னலுக்குப் புரியவில்லை. டாக்டர் மேஜர் மட்டும் சட்டென்று நிமிர்ந்தார்.

நான் மேஜைப் பக்கம் போனேன். அனுமதி கேட்கவில்லை. அதன் விளிம்பில் கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். எண்ண ஆரம்பித்தேன். சத்தமாக, முழு நிமிடம் எண்ணினேன். யாரும் தடுக்கவில்லை. முடிந்ததும், "மேஜைக்கும் நாடி இருக்கிறது, சாப். நூற்றுப் பதினான்கு. அன்றைக்கு ஜும்மாவுக்கு நான் பார்த்ததும் இப்படித்தான்" என்றேன்.

டாக்டர் மேஜர் என் இரண்டு விரல்களிலும் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "மற்றக் கை என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும், எங்கே கேட்க வேண்டும் என்று.

"உறை மாட்டியிருந்தேன்" என்றேன். "கழற்றவில்லை. வீட்டுக்குப் போன் பேச ஓடிக்கொண்டிருந்தேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் "தாங்குவார்" என்று சொன்னதிலிருந்து சொன்னேன். முதுகில் தட்டினதையும் சொன்னேன், அதில் நான் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன்.

வெளியே வந்தபோது கேப்டன் இல்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். கட்டைவிரல் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார், ஒன்று போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் அடிச்சப்ப அவன்..." என்றார்.

"தெரியாதுண்ணே."

"ஒருவேள அதுக்கு முன்னாலயே..."

"தெரியாதுண்ணே. என்னால சொல்ல முடியாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மூட்ட" என்றார். பள்ளிக்கூடத்தில் யாரோ மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அது அவ்வப்போது லேசாக அடித்தது. அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி வரும்வரைக்கும் அப்படியே இருந்தோம்.

டிசம்பர் 3, ஞாயிறு

லீவு ரத்து. அடுத்த உத்தரவு வரும்வரை இந்த முகாமை விட்டு வெளியே போகக் கூடாது. அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், மனநல வார்டுக்கு. போகும்போது இடது கையை ஆட்டிவிட்டுப் போனார்.

இங்கே எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. பெரிய வரிசை. டீச்சர் வீட்டுக்குப் போட்டேன். அமுலுவைக் கூப்பிட்டு வந்தார்கள். பெயர் வைக்க வர முடியாது என்றேன். ஏன் என்றாள். ஒரு பெரிய தப்பு பண்ணிவிட்டேன், ஒரு மனிதர் செத்துவிட்டார், எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறேன் என்றேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு, "பாப்பாவுக்கு ராத்திரிலேர்ந்து ஒடம்பு சுடுதுங்க" என்றாள். "டாக்டரம்மாகிட்ட காட்டிட்டேன். மருந்து குட்த்துக்கிறாங்க, பயம் ஒண்ணும் இல்லன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. நாடி எப்டிப் பாக்கறது, நீங்க சொல்லுங்க."

குழந்தை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். மடியில்தான் இருக்கிறதாம். கைக்குழந்தைக்கு மணிக்கட்டில் தெரியாது, முழங்கைக்கு மேலே, கையின் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வை. மெதுவாக வை. அழுத்தாதே.

"ஒண்ணும் தெரிலயேங்க."

"அவசரப்படாத. விரலை எடுக்காம அப்படியே இரு. நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தேன். பின்னால் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். ஒருவன் இந்தியில் திட்டினான். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்குதுங்க" என்றாள் அமுலு. "ஓடுது. நல்லா ஓடுது."

"எந்த விரல்ல பாத்த?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன ரெண்டு விரல்லதான்" என்றாள். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.